சுமார்

கரோங்கா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு.
இரவு இரண்டு மணி, மின்சாரம் இல்லை.
ஜெனரேட்டர் உறுமி எழும்வரை
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தெம்வாவின் குழந்தை அழுதாயிற்று.
அவள் சிரிக்கிறாள்,
சர்க்கரை தூக்கலாகத் தேநீர் கேட்கிறாள்.
என் கண் சொல்கிறது: கொஞ்சம்தான்.

என் கண்ணை எனக்குத் தெரியும்.
போன மழைக்காலத்தில் அது
ஒரு சிதெஞ்ஜே துணியைப் பார்த்தது.
கருநீலத்தில் மஞ்சள் மீன்கள் நீந்தும் துணி,
குடித்ததைக் காட்டிக்கொடுக்காத துணி.
"இரத்த இழப்பு: சுமார் முந்நூறு" என்று எழுதினேன்.
விடிவதற்குள் லினெஸ் போய்விட்டாள்.
அந்தச் சுமார் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது
என் கையெழுத்தில், அழகாக.

விசாரணைக் கூட்டத்துக்குத் திட்டு வாங்கத்தான் போனேன்.
டாக்டர் முசுக்வா கேட்டது ஒன்றே ஒன்று:
"எதை வைத்து அளந்தாய்?"
அறையிலிருந்த பதினோரு பேரும்
அவரவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது இடுப்புக்கடியில்
கூம்பாய்த் தொங்குகிறது ஒரு பிளாஸ்டிக் பை,
அடியிலிருந்து மேலே கோடு கோடாக.
நெற்றியைச் சாய்த்து வெளிச்சம் காட்டுகிறேன்.
ஐந்நூறைத் தொட்டு நிற்காமல் ஏறுகிறது.

தெம்வா இன்னும் சிரிக்கிறாள்.
நான் அவளை நம்பவில்லை.
என்னையும்.
மணியை அடிக்கிறேன். வயிற்றைப் பிசைகிறேன்,
கல்லாய் இறுகு, இறுகு என்று கருப்பையிடம் கெஞ்சியபடி.
தவோங்கா ஊசியோடு ஓடி வருகிறாள்,
ஒரு கால் செருப்பு கதவருகிலேயே கிடக்கிறது.

நாலேகாலுக்கு
ஆறிப்போன தேநீரைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.
அறுநூற்று நாற்பது என்று எழுதினேன்.
பிறகு அலமாரியைத் திறந்து எண்ணினேன்:
இன்னும் ஒன்பது பை.