இருபத்துநான்கு கேஜ்

எண் குறைந்தால் தகடு தடிக்கும் என்று
ரொசோ நகரத்துக் கடையில்
இரண்டாவது முறையாக விளக்குகிறான்
காதில் பென்சில் செருகிய பையன்.
இருபத்தெட்டு மெல்லிசு.
இருபத்துநான்கு கெட்டி.
விலை மட்டும்
எண்ணோடு சேர்ந்து குறைவதில்லை.

யூஸ்டஸ் தகட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.
சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில்
சொந்தக்காரர்களோடு நிற்பதுபோல நிற்கிறான்.

புயலன்று எங்கள் கூரை போனதை
நான் பார்க்கவில்லை, கேட்டேன்.
முதலில் ஒரே ஒரு ஆணி
மரத்திலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்ட கிறீச்.
பிறகு ஒரு மூலை படபடத்தது,
யாரோ சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல.
பிறகு
சத்தமே இல்லாமல்
வானம்.

விடியும்வரை சமையலறைத் தொட்டிக்கு அடியில்
நாங்கள் இரண்டு பேரும் பூனையும்.
பூனைதான் நடுவில்.

காலையில் மலையில் ஓர் இலை இல்லை.
எங்கள் பச்சைத் தகடுகள் ஆற்றோடு போயிருந்தன.
மேட்டுவீட்டு செலஸ்டினின் சிவப்புத் தகடு ஒன்று
எங்கள் சேம்புப் பாத்தியில்
நட்டு வைத்ததுபோல் செங்குத்தாக நின்றது,
ஒரு நெளிசல் இல்லாமல்.
கோழிக்கூண்டுக்குப் போட்டுக்கொண்டோம்.
அவள் கேட்கவில்லை.
தினமும் போகும்போது பார்ப்பாள்,
வரும்போது பார்ப்பாள்.

பதினோரு மாதம் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே.
அங்கே ரொட்டி நீலம், பால் நீலம்,
சண்டை போடும்போது அவன் பல்லும் நீலம்.

'கான்கிரீட் போட்டுவிட்டால் முடிந்தது கதை.
காற்று அதை என்ன செய்யும்?'
'காற்று ஒன்றும் செய்யாது.
எரிமலை மேல் குடியிருக்கிறோம்,
நிலம் நடுங்கினால்?
தலைக்கு மேல் எத்தனை டன் என்று
கணக்குப் போட்டாயா?'

இது நான் வெளியே சொன்ன காரணம்.
சொல்லாதது மழை.
மலைச்சரிவில் வரும்போதே அதன் காலடி கேட்கும்,
வாழைத்தோட்டத்தில் ஒரு தினுசாக,
கோயில் கூரையில் ஒரு தினுசாக,
அப்புறம் என் தலைக்கு மேல்.
அது தகட்டில் விழாத வீட்டில்
எனக்குத் தூக்கம் வராது.
இதை ஒரு காரணமென்று
எந்தக் கணவனிடம் சொல்வது?

தச்சர் ஓஸ்வின் எழுதிக் கொடுத்த சீட்டைப்
பையனிடம் நீட்டினேன்.
நாலு பக்கமும் சரிவு.
விளிம்பு அரையடிக்கு மேல் நீட்டக் கூடாது,
காற்றுக்குக் கைப்பிடி கொடுக்காதீர்கள்.
ஆணி ஒன்றுகூட வேண்டாம், எல்லாம் ஸ்க்ரூ.
கைமரம் ஒவ்வொன்றுக்கும் இரும்புப் பட்டை.

அப்போதுதான் யூஸ்டஸ்
தகட்டுப் பக்கம் வந்தான்.
ஒரு ஸ்க்ரூவை எடுத்து
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்,
பையனை அல்ல, ஸ்க்ரூவை:
'இது தானாகக் கழலுமா?'

எனக்கு உறைத்தது.
பதினோரு மாதமாகத் தூறல் விழுந்தாலே
படுக்கையில் எழுந்து உட்கார்கிறான்.
உதடு அசையும்.
செபம் என்று நினைத்திருந்தேன்.
இல்லாத கூரையின் ஆணிகளை
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

'குளியலறைக்கு மட்டும் கான்கிரீட்' என்றேன்.
பையன் பென்சிலை எடுத்தான்.
'சுவரும் கம்பி கட்டி, கூரையும்.
அடுத்த புயலுக்கு உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள.
மற்றதெல்லாம் இருபத்துநான்கு.'
யூஸ்டஸ் மறுக்கவில்லை.
ஏழு மூட்டையை எட்டாக்கினான், அவ்வளவுதான்.

நிறம் என்ன என்று கேட்டான் பையன்.
சிவப்பு வேண்டாம் என்றோம் ஒரே குரலில்.
சிவப்பென்றால் செலஸ்டின் வந்து
ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பாள்.

அவள் தகட்டை நேற்றுத்தான்
கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
'கோழி எச்சம் போகவில்லையே' என்றாள்.
வாங்கிக்கொண்டாள்.

இன்றிரவு முதல் மழை.
கோயில் வரைக்கும் வந்துவிட்டது.
யூஸ்டஸ் தலையணையை எடுத்துக்கொண்டு
எதுவும் பேசாமல்
குளியலறைக்குப் போகிறான், பின்னாலேயே பூனை.
நான் மல்லாந்து படுத்திருக்கிறேன்.
கதவை அவன்
சாத்தவில்லை.