நூற்றெண்பது கிராம்

பாசையூர்ச் சந்தைக்குப் பின்னால்
எமில்டா அக்காவின் டீப் பிறீசர்
வாய் திறந்து கிடக்கிறது.
இறால் எல்லாம் றெஜிபோம் பெட்டிக்குப் போயிற்று.
ஐஸ் கட்டி நாலு வாங்கிப் போட்டிருக்கிறா.
பின்னேரம் வரைதான் தாங்கும் என்கிறா,
என்னைப் பார்த்து அல்ல,
பெட்டியைப் பார்த்து.

"தன்பாட்டிலதான் பிள்ளை நிண்டது.
ஒருத்தரும் தொடேல்லை."

நைதரசன் ஏற்றிச் சவர்க்கார நுரை பூசினேன்.
இடப்பக்கச் சுவரின் அடியில்
ஒரு குமிழி.
பெருத்தது, உடைந்தது, திரும்பவும் பெருத்தது.
துடைத்துப் பார்த்தால்
அரிசி நீளத்தில் கீறல்.
உப்புக்காற்று இவ்வளவு நேராகக் கீறாது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
மீன்கத்தி பலகையில் இருந்தது,
கழுவி.

ஓட்டையை அடைத்தேன்.
பழைய றையரை வெட்டி எறிந்து
புதியதை வெள்ளிக் கம்பியால் ஒட்டினேன்.
பிறகு பம்பைப் பூட்டி
உள்ளே இருப்பதையெல்லாம் இழுக்கவிட்டேன்.
காஸ் எப்போதோ போய்விட்டது.
இப்போது வெளியேறுவது வெறும் பாசையூர்க் காற்று,
அதன் கார்த்திகை ஈரம்.

முள் பூச்சியத்தைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.
குழாய்க்குள் ஒளிந்த தண்ணீர்
நெருப்பில்லாமல் கொதிக்கும் இந்நேரம்.
அமுக்கம் இல்லையென்றால்
தண்ணீருக்குக் கொதிக்க ஒரு சாட்டும் தேவையில்லை.
இதை அக்காவுக்குச் சொன்னேன்.
"மனிசருக்கு மற்றப்பக்கம்" என்றா.

முப்பத்தைந்தாவது நிமிஷம் கறண்ட் போனது.
பாய்ந்து வால்வை மூடினேன்.
பம்ப் எண்ணெய் உள்ளே திரும்பினால் எல்லாம் வீண்.
சந்தை முழுக்க ஒரு 'ஓ' எழும்பி அடங்கியது.
கைபேசி வெளிச்சத்தில் இருவரும்
முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அது அசையக்கூடாது, அவ்வளவுதான்.
ஒன்றுமில்லாததை ஒரு குழாய்
எவ்வளவு நேரம் காவல் காக்கும் என்று பார்ப்பது.
றெஜிபோம் பெட்டியின் மூலையிலிருந்து
தண்ணீர் சொட்டியது.
"இருபத்திரண்டு கிலோ" என்றா அக்கா,
வேறொன்றும் சொல்லாமல்.

முள் அசையவில்லை.
கறண்ட் வந்ததும் இன்னும் அரைமணி இழுத்தேன்.

காஸ் நிறுக்க என் தராசை எடுத்தால்
பற்றரி செத்துக் கிடந்தது.
"உங்கட தராசைத் தாங்கோ அக்கா."
தரவில்லை.
கையைச் சட்டையில் துடைத்தா.
துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தா.
"அது பிள்ளை... பதினைஞ்சு கிராம் கூடக் காட்டும்."
"எப்பவுமோ?"
"சாமான் வைச்சா எப்பவும்."

உண்மையில் எனக்கு அது தேவையே இல்லை.
சிலிண்டரைத் தட்டில் வைத்தால்
குறைகிற கணக்கைத்தான் பார்ப்பேன்.
அந்தப் பதினைந்து
தொடக்கத்திலும் இருக்கும், முடிவிலும் இருக்கும்,
கழித்தால் காணாமல் போகும்.
சொல்ல வாயெடுத்தேன்.
அவவின் முகத்தைப் பார்த்தேன்.
"சரி, கவனிக்கிறன்" என்றேன்.

வால்வைத் திறந்ததும் காஸ் சீறிப் போனது.
பின்தகட்டில் துருவுக்குத் தப்பிய எண் நூற்றெண்பது.
நூற்றெழுபதில் கையை இறுக்கி
நூற்றெண்பதில் மூடினேன்.
கொம்பிரசர் முனகிப் பிடித்தது.
ஒரு கை பின்குழாயில்: சுட்டது.
மற்றக் கை உட்சுவரில்:
முதலில் ஒன்றும் இல்லை,
பிறகு வியர்வை,
பிறகு, அடைத்த கீறலைச் சுற்றி
ஒரு மெல்லிய வெள்ளை.

"பனி கட்டினால் சுரண்டாதேங்கோ.
நிப்பாட்டிப்போட்டுச் சுடுதண்ணிச் சட்டி ஒண்டு
உள்ளுக்க வையுங்கோ, தானாக இளகும்."
தலையாட்டினா.
யார் செய்தது என்று அவவும் சொல்லவில்லை.
இறாலை அள்ளி அள்ளி உள்ளே போட்டா,
எண்ணெய் காய்ந்த என் கையிலும்
ஒரு பை திணித்தா.

பில் புத்தகத்தை மடியில் விரித்தேன்.
'காஸ்' என்று எழுதிப் பேனை நின்றது.
நான் எப்போதும்
இருநூற்றைம்பது என்றுதான் எழுதுவேன்.
எல்லாரும் அப்படித்தான்.

தராசு இன்னும் மேசையில் இருந்தது.
தட்டில் ஒன்றும் இல்லை.
பூச்சியம் காட்டியது.