அறுபது எழுத்து

எங்கள் ஓய்வூதிய நிதிக்கு எழுபத்தோரு வயது.
இன்று மாலை ஐந்து மணிக்கு
மாநில நிதியோடு அது கலந்துவிடும்.
ஆறு போய்க் கடலில் சேர்வதுபோல என்றார் மேயர்.
சுப்பீரியர் ஏரிக்கரையில் ஜனவரி மாதம்
எதுவும் எதிலும் சேர்வதில்லை.
வந்த இடத்திலேயே உறைந்து நிற்கும்.

எல்லோருக்கும் கடிதம் போயிற்று.
முதல் பக்கம், தடித்த எழுத்து:
உங்கள் உரிமைகளில் மாற்றம் எதுவுமில்லை.
ஏழாம் பக்கம், பொடி எழுத்து:
விலைவாசி உயர்வுக்கான படி இனி ஓராண்டு தள்ளி.
மடித்து உறையிலிட்டவள் நான்தான்.
ஆயிரத்து நூற்றாறு உறைகள்.
பசை தீர்ந்த பிறகு நாக்கால் ஒட்டினோம்,
நானும் மாய் யெர் வாங்கும்.
எங்கள் இருவருக்கும் உறை இல்லை.
நாங்கள் ஒப்பந்தம்.

ரெய்னோ ஹக்கலா
ஏழாம் பக்கம் வரை படிக்கிற மனிதர்.
பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர்.
பூட்ஸில் உப்புக் கறையோடு வந்து
கையுறையைக் கழற்றாமலே ஒரு வரியைத் தொட்டார்:
இருபத்தொன்பது வருடம், எட்டு மாதம்.
"முப்பது இருக்கணுமே. நாலு மாசம் எங்கே?"

முப்பது முடிந்தால் முழு ஓய்வூதியம்,
மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு.
முடியாவிட்டால்
இன்னொரு குளிர்காலம், அந்தத் தோளோடு.

கீழறை. இரும்பு அலமாரி. மூன்றாம் இழுப்பறை.
மஞ்சள் அட்டையில் பென்சில் எழுத்து:
பனிக்கடியில் சாக்கடை மூடியில் கலப்பை மோதித்
தோள்பட்டை முறிவு.
நவம்பர் முதல் பிப்ரவரி வரை.
சந்தா நகராட்சி கட்டியது.

புதிய கணினிக்கு அது விடுப்பு.
விடுப்பு என்றால் பூஜ்யம்.
எங்கள் பழைய விதிகளில் பதினான்காவது ஒற்றை வரி.
எழுதியவர் யாரோ,
வழக்கறிஞராக இருந்திருக்க முடியாது:
வேலையில் காயம்பட்டவரின் நாளும் வேலைநாளே.

பழைய உரிமைகள் அனைத்தும் கூடவே வரும்
என்கிறது இணைப்புச் சட்டம்.
வரட்டும்.
எதில் ஏறி வரும் என்று அதில் இல்லை.
திரையில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
அறுபது எழுத்துக்கு மேல் வாங்காது.
முதலில் சாக்கடை மூடியை எடுத்தேன்.
பிறகு கலப்பையை.
பிறகு நவம்பரை.
தோளையும் எடுக்க வேண்டியிருந்தது.
பதினான்காம் விதியை மட்டும் முழுதாக அடித்தேன்.
கட்டம் வாங்கிக்கொண்டது.
படிக்க அங்கே யாராவது இருக்கிறார்களா?

மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசினேன்.
பியானோ.
நீங்கள் வரிசையில் முப்பத்தெட்டாவது நபர்.
ரெய்னோ உட்கார்ந்தார். இப்போதுதான் கையுறையைக் கழற்றினார்.

பெயர்ப்பலகையைக் கழற்றத் திருப்புளியோடு வந்த பையனை
மாய் யெர் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.
"இன்னும் ஐந்தாகல."

நாலு நாற்பது.
முப்பத்தொன்றாவது நபர்.
வெளியே பனி பிடித்துக்கொண்டது.
இந்நேரம் டிப்போவிலிருந்து அவருக்கு அழைப்பு வரும்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.
என் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் அதை எங்கே வைக்கப்போகிறேன் என்று.