தரையின் தன்மை

படிவத்தில் பதினொன்றாவது கட்டம்:
தரையின் தன்மை.
நன்று, சுமார், கூடாது.
ஏதேனும் ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.

தேவனாம்பட்டினம் கடற்கரை.
மதியம் ஒரு மணி, தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது.
செருப்பை ஜீப்பில் போட்டுவிட்டு இறங்குகிறேன்.
கொடிக்கம்பத்திலிருந்து முகத்துவாரக் கருங்கல் வரை
ஆயிரத்து இருநூறு மீட்டர்.
டேப்பின் மறுமுனையில்
கால்நடை உதவியாளர் தெய்வசிகாமணி
கொட்டாவி விடுகிறார்.

மிதித்தால் பாதத்தைச் சுற்றி மணல் வெளுக்க வேண்டும்.
காலை எடுத்ததும் ஈரம் திரும்ப வேண்டும்.
அது நல்ல தரை.
வெளுக்காமல் நீர் கோத்துக்கொண்டால்
குளம்பு வழுக்கும்.
மேட்டுப்பக்கம் சர்க்கரைபோல் உதிரும் மணலோ
கணுக்கால்வரை விழுங்கித்
தசைநாரைக் கேட்கும்.
இரண்டுக்கும் நடுவே நான்கு குதிரை அகலம்.
கடல் நமக்கு விட்டிருக்கும் மைதானம் அவ்வளவுதான்.
அதையும் சாயங்காலம்
திருப்பி வாங்கிக்கொள்ளும்.

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

படிக்கும்போது கிண்டிக்குக் கூட்டிப்போனார்கள்.
அங்கே புல்லுக்கு எண் இருந்தது.
கோலைக் குத்தி, இறங்கிய ஆழத்தைப் பார்த்துப்
பலகையில் எழுதினார்கள்.
இங்கே கோல் என் குடை.
எழுநூற்று எண்பதாவது மீட்டரில்
அது கைப்பிடிவரை போய்விட்டது.

நண்டு வளை.
ஒன்றில்லை. எண்ண ஆரம்பித்து
முப்பதில் விட்டேன்.

போன மாசி மகத்துக்கு மறுநாள்
இதற்குப் பத்தடி தள்ளித்தான்
பவுனு என்ற ஐந்து வயதுப் பெண்குதிரையின்
முன்னங்கால் இறங்கியது.
சத்தம் பெரிதாக இல்லை.
முருங்கைக் கொப்பு ஒடிவதைவிடக் குறைவு.
மூன்று காலில் ஓட்டத்தை முடிக்கப் பார்த்தது.
ஊசி என் கையில் இருந்தது.
படிவம் என் பையில் இருந்தது.
பதினொன்றாவது கட்டத்தில்
என் டிக்,
நேர்த்தியாக,
நன்றுக்கு நேரே.

"மேடம், நண்டுகிட்டயும் தடையில்லாச் சான்று வாங்கணுமா?"
விழாக்குழுச் செயலாளர் ஆளவந்தார் கேட்க
எல்லாரும் சிரிக்கிறார்கள்.
நானும், கொஞ்சம்.
வலை இழுக்கும் பையன்கள் நாலு பேர்
வாளி வாளியாக ஈரமணல் அடைத்து மிதிக்கிறார்கள்.
திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு நண்டு
கண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து
ஒரு கை மண்ணை வீசிவிட்டு
உள்ளே போகிறது.
அதற்கும் வேலை இருக்கிறது.

ஓட்டக்கோட்டை எட்டடி கடல்பக்கம் நகர்த்திச்
சுண்ணாம்பு போட்டோம்.
மூன்றிலும் டிக் அடிக்காமல்
ஓரத்தில் எழுதினேன்:
மாலை நான்கு ஐம்பது வரை நன்று.

நான்கு ஐம்பத்தாறு.
பெரிய குதிரை இறுதிச் சுற்று பாக்கி.
பரிசு புல்லட் வண்டி
மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது.
மைக்கில் என் பெயரைச் சொல்லாமல்
"அதிகாரிகள் ஒத்துழைக்க வேண்டும்" என்கிறார்கள்.
நான் போய்க் கோட்டின் மேல்
குடையை விரித்துக்கொண்டு நிற்கிறேன்.
மழையில்லை. வெயிலும் இறங்கிவிட்டது.
கூட்டத்தில் யாரோ என் அம்மாவை இழுக்கிறார்.
முதல் அலையின் நாக்கு
என் குதிகாலைத் தொட்டுவிட்டுப் போகிறது.

அப்போது ஒருவன் இறங்கி நடந்து வந்தான்.
சோனங்குப்பத்து ஜெபநேசன்,
தலையில் யாருடையதோ பைக் ஹெல்மெட்.
என் காலடிக்குப் பக்கத்தில்
தன் குதிகாலை வைத்து அழுத்தினான்.
மணல் வெளுக்கவில்லை.
இன்னொரு தரம் அழுத்தினான்.
"எறங்குதுக்கா" என்றான்,
என்னிடமா கடலிடமா தெரியவில்லை.
திரும்பிப்போய்
வயிற்றுவாரைத் தளர்த்தினான்.

மற்ற மூன்று பேரும்
கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஐந்தேகாலுக்குக் கோடு இல்லை.
"டேப்பைச் சுருட்டிடட்டுமா?"
தெய்வசிகாமணி கேட்டார்.
ஆளவந்தார் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.
அவருக்குப் பின்னால்
ஜெபநேசனின் குதிரை
புல்லட்டுக்குப் போட்ட மாலையை
ஓரத்திலிருந்து
தின்ன ஆரம்பித்திருந்தது.