ஏழாவது நகல்

தொட்டார் என்று எழுதினேன்.
ஆர் எதுக்குடி என்றாள் ரிஸ்வானா.
அடித்துவிட்டுத் தொட்டான் என்று எழுத
அது குழாயடிச் சண்டை போலிருந்தது.
மறுபடியும் தொட்டார்.
மூன்று வருடம் குட்மார்னிங் சார் சொன்ன வாய்க்கு
விகுதி அவ்வளவு லேசில் உதிர்வதில்லை.

பாலியல் சீண்டல் என்கிறது படிவம்.
சீண்டுவது எங்கள் தெருவில்
தூங்கும் நாயை, தம்பியை.
வேறு சொல் தேடினோம் கொஞ்ச நேரம்.
கிடைத்தவை ஒன்று நடந்ததைவிடச் சின்னவை,
இல்லை என்னைவிடப் பெரியவை.

தேதிகளுக்கு மட்டும் அலையவில்லை.
ரெக்கார்டு நோட்டில் அவரே போட்டிருக்கிறார்,
சிவப்பு மையில், கையெழுத்துக்குக் கீழே.
நான்காவது சோதனை, ஜூலை இருபத்து மூன்று.
ஆறாவது, ஆகஸ்ட் பதின்மூன்று.
பெர்மாங்கனேட். முடிவுப்புள்ளி இளஞ்சிவப்பு.
எல்லோருடைய நோட்டும் மேஜையிலேயே திருத்தப்படும்,
என்னுடையது உள்ளறையில்.

சாட்சி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
என் பேரைப் போடு, லேப் வாசல்ல நான்தானே நின்னேன்.
உங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா?
தெரியும்போது தெரியட்டும்.
ரிஸ்வானாவுல ஸ்ஸுக்குப் புள்ளி விட்டுட்ட பாரு.

கேன்டீன் சுவரில் புகார்க் குழுவின் பலகை.
நான்கு பெயர், இரண்டு எண்.
ஒன்று உபயோகத்தில் இல்லை.
இன்னொன்றை விலங்கியல் மரகதவல்லி மேடம் எடுத்தார்,
பின்னால் குக்கர் விசில்.
சார், ரெக்கார்டு, மேடம் என்று
மூன்று சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.
அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.
நின்னுக்கிட்டா பேசற? முதல்ல உக்கார ஒரு இடம் பாரு,
நான் போனை வெச்சிட மாட்டேன்.
தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன்.
அவர் வைக்கவில்லை.
ஏன் உள்ளே போனாய் என்று கேட்கவேயில்லை என்பது
ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

ஆறு நகல் வேண்டுமாம்.
கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை.
எனக்கு முன்னால் ஆதார் கார்டு, பின்னால் ரேஷன் கார்டு.
கோமளாக்கா தாளை வாங்கும்போதே கவிழ்த்து வாங்கினாள்.
பச்சை வெளிச்சம் அதன் அடியில் ஊர்ந்து திரும்பியது,
மறுபடி ஊர்ந்தது.
விழுந்த நகல்களின் மேல்
தன் கணக்கு நோட்டை எடுத்து வைத்தாள்.
எட்டிப் பார்த்தவனிடம்
கார்டைப் பிரிச்சு வெய்ப்பா, அங்க என்ன பார்வை.

எண்ணினால் ஏழு.
ஆறுதான்க்கா கேட்டேன்.
ஒண்ணு உன் கையில இருக்கட்டும்.
போன வருசம் ஒரு பொண்ணு
எல்லாத்தையும் குடுத்துட்டு வெறுங்கையோட வந்து நின்னுச்சு.
படிச்சீங்களா?
எதுக்குப் படிக்கணும், ஆறு கேட்டாலே தெரியும்.
ஏழாவதுக்குக் காசு வாங்கவில்லை.
எந்தப் பெண், எந்த டிபார்ட்மென்ட்,
கேட்க வாயெடுத்தேன்.
ரேஷன் கார்டு என் தோளுக்கு மேலாக நீண்டது.

மேடம் என் நகலில் முத்திரை குத்தினார்.
பெறப்பட்டது. ஊதா மை பாதிதான் பதிந்தது,
வாயால் ஊதி மறுபடி குத்தினார்.
தொண்ணூறு நாள் ஆகலாம் என்றார்.
சுலபமா இருக்கும்னு சொல்ல மாட்டேன் என்றார்.
புதன்கிழமை லேபுக்கு இனி வேறு ஒருவர் வருவார்.
இன்றைக்கு அவ்வளவுதான்.

ராயபுரத்தில் ஐந்து நாற்பது வண்டி.
பெண்கள் பெட்டியில் காலி மீன்கூடைகள்,
என் தோளில் ரிஸ்வானாவின் தூக்கம்.
ரெக்கார்டுக்குள்ளிருந்து நகலை எடுத்தேன்.
இது ஒருவர் மேஜைக்கும் போகாதது.
வண்டி குலுங்கலில் பென்சில் கோணியது,
விகுதியில் ஒரே ஒரு எழுத்தைத்தான் அடிக்க முடிந்தது.
தொட்டா
என்று நிற்கிறது இப்போது.
தொட்டா?

கொருக்குப்பேட்டையில் எழுப்பச் சொல்லியிருந்தாள்.
தண்டையார்பேட்டை தாண்டிவிட்டது.