ஐந்துக்கு ஐந்து

ஐந்து ரவை தந்தால்
ஐந்து கோது திரும்பி வர வேண்டும்.
பொலிஸ் கொப்பியில் அப்படித்தான் கோடு கிழித்திருக்கிறது.
யானை போனதா, வெள்ளாமை மிஞ்சியதா
என்றொரு கட்டம் அதில் இல்லை.

எனக்குத் தந்தது பழைய திரீநோட்திரீ.
ஒரு பட்டாளம் வேண்டாமென்று விட்டு
இன்னொரு பட்டாளம் வாங்கி
அதுவும் வேண்டாமென்று விட்டு
குடுவில் வட்டைக்கு வந்து சேர்ந்த துவக்கு.
எனக்கு முந்தினவன் எவனோ
கட்டையில் ஆணியால் ஏழு கீறல் போட்டிருக்கிறான்.
யானையா, கிழமையா, வேறெதுவுமா?
தடவிப் பார்ப்பேன்.
கேட்பதற்கு ஆளில்லை.

நெல் குடலைக்கு வந்த வாரம்.
நேற்று இறங்கியது ஒற்றை அலியன்.
கரும்புக் காணிப் பக்கம்
மின்வேலிக் கட்டையைக் காலால் சாய்த்துவிட்டு
அவசரமில்லாமல் வந்தது.
உதுமாலெவ்வை டோர்ச் அடிக்க
நான் வானத்துக்குச் சுட்டேன்.

சுடுவதில் ஒன்றுமில்லை.
போல்ட்டை இழுக்கும்போது
கோது எங்கே தெறிக்கிறதோ
அங்கே காதை வைக்க வேண்டும்.
வரம்பில் விழுந்தால் டிங்.
தண்ணீரில் விழுந்தால்
காய்ந்த சட்டியில் துளி பட்ட மாதிரி, சுர்.
சேற்றில் விழுந்தால் ஒன்றும் சொல்லாது.

டிங். டிங். சுர். சுர்.
ஐந்தாவது சொல்லவில்லை.

அலியன் நின்று பார்த்தது.
கடன் கேட்டு வந்தவன்
நாளைக்கு வாறன் என்று போவது போல
போய்விட்டது.
நாங்கள் இரண்டு பேரும் குனிந்தோம்.

சுபஹு பாங்கு கேட்கும்வரை
முழம் முழமாக
நெல்லின் அடியை விலக்கி, சேற்றைப் பிசைந்து,
அட்டை கடித்ததும் தெரியாமல்.
"யானை மிதிச்சத விட
நாம மிதிச்சதுதான் கா கூட"
என்றான் உதுமாலெவ்வை.

அப்போதுதான் விரலில் தட்டியது.
அல்ஹம்துலில்லாஹ் என்று கழுவினேன்.
வெளிச்சத்தில் பார்த்தால் பச்சை.
நீளம் குறைவு. அடியில் விளிம்பில்லை.
உள்ளே இறுகிப்போன களி,
களிக்குள் நூல் மாதிரி ஒரு நெல்வேர்.

எங்கள் நாலையும் அதையும்
ஒரே சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு போனேன்.
எண்ணுகிறவர்கள் பார்க்கமாட்டார்கள்
என்றொரு நினைப்பு.

சார்ஜன் ரத்னவீர எண்ணவில்லை.
மேசையில் நிறுத்தி வைத்தார்,
வாய் மேலே பார்க்க, வரிசையாக.
நாலும் ஒரே உயரம்.
ஐந்தாவது,
குடும்பப் படத்துக்குள் வந்து நின்றுவிட்ட
அடுத்த வீட்டுப் பிள்ளை.

கவிழ்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
அடியில் இரண்டு எழுத்து, ஒரு வருசம்.
வருசத்தை அவர் வாசிக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
அந்த வருசம்
அவரவர் ஊர் எங்கே படுத்திருந்தது என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

"இது எங்கட இல்ல," என்றார், தமிழில்.

கொப்பியில் கட்டங்கள் திறந்து கிடந்தன.
சுட்டவர். இடம். நேரம்.
எதை நோக்கி?
அதில் நான் எப்போதும் வானம் என்று எழுதுவேன்.
பேனையின் மூடியைத் திறந்து
மூடி
திறந்து இருந்தார்.

மறுகா, நாலு என்று எழுதினார்.
ஒன்று சேற்றில் போனதாக
என்னிடம் கையெழுத்து வாங்கினார்.
தண்டம் இருநூற்றைம்பது.
பச்சைக் கோதை மேசை விளிம்பு வரைக்கும்
ஒரு விரலால் தள்ளினார்.
எடு என்றும் சொல்லவில்லை,
வை என்றும் சொல்லவில்லை.

இன்றைக்கும் பரணில் இருக்கிறோம்.
சட்டைப் பையில் அது,
உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டது.
"எறிஞ்சிட்டியா?" என்கிறான் உதுமாலெவ்வை.
"நாலு ரவைதான் தந்தாங்க," என்கிறேன்.

கரும்புப் பக்கம்
கம்பி ஆடுகிறது.