கொழுந்தன் பூசியது

அக்டோபருக்குள் முடித்தாக வேண்டும்.
சாலையில் உப்பு இறைக்கத் தொடங்கிவிட்டால்
கேப் பிரெட்டனில் எந்த இரும்பும் தப்பாது.

மெர்டீனா பிக்கப்பின் பின்கதவைக் கழற்றி
ரப்பர் விரிப்பை உருவினாள்.
அடியில் பளபளவென்று கறுப்பு.
விற்ற கொழுந்தன் லாக்லன் சொன்னான்:
"போன கோடையில் பூசினது அண்ணி, புதுசு மாதிரி."

கம்பித் தூரிகை பட்டதும்
புதுசு அப்பளமாய் நொறுங்கியது.
துருவின் மேலேயே பூசியிருக்கிறான்.
சக்கர வளைவோரம்
சுண்டுவிரலால் அழுத்தினாள்.
விரல் மறுபக்கம் போய்க் குளிரைத் தொட்டது.

திட்டவில்லை.
வெள்ளி தெரியும்வரை தேய்த்தாள்.
ஓட்டையை வெட்டியெடுத்து
பழைய அடுப்புத் தகட்டைப் பற்றவைத்தாள்.
பிரைமர், இரண்டு நாள் வெயில்,
அதுவும் அரைகுறை வெயில்.
பிறகு ரோலரில் தார்போல் தடித்த பூச்சு.
மூலைக்கொன்றாய் நான்கு வடிகால் துளைகள்:
குச்சி செருகிப் பூசினாள்,
இறுகுமுன் பிடுங்கினாள்.
சிங்கிறால் பெட்டிகள் ஒழுகத்தான் செய்யும்,
ஒழுகியது போய்ச்சேர வழி வேண்டாமா?

ஞாயிறன்று விறகேற்ற வண்டி கேட்டு வந்தான் லாக்லன்.
தளத்தைத் தடவிப் பார்த்தான்.
"பாருங்கள், என் பூச்சு
இன்னும் எப்படி நிற்கிறது!"

சாவியைக் கொடுத்தாள்.
கூடவே மூடிபோட்ட ஒரு காப்பி டின்.
கைமாறும்போது உள்ளே சரசரத்தது
அவனுடைய புதுசு.